சின்னப் பானையின் சிவப்பு

பேராதனைக்குப் போகும் வீதியில், தோட்டத்து மண்ணைச் சோதிக்கிற ஒரு சிறிய சோதனைச்சாலையில் போத்தல் கழுவுகிறவனாக நான் சேர்ந்தது என் இருபது வயதுகளின் தொடக்கத்தில். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிப்பேன். போத்தல்களில் ஒட்டியிருக்கும் பெயர்களைப் பார்த்து எடுத்துக் கொடுக்க அது போதும். வாய் அதிகம் தேவைப்படாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். இப்போது நாற்பத்தைந்து வயதாகிறது, இன்றும் அப்படித்தான். மற்றவர்கள் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இதனால் ஒருமுறை என்ன நடந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். இரசாயனம் படித்தவர். எந்த மலையின் மண்ணில் என்ன குறைவு என்று எழுதி அனுப்புவது அவர் வேலை. ஆனால் ஆசை வேறு இடத்தில் இருந்தது. தோட்டங்களில் தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது சில இடங்களில் பழைய பானை ஓடுகள் வரும். ராஜாக்கள் காலத்துக்கும் முந்தியவை, எழுத்து என்று ஒன்று இந்த மலைக்கு வருவதற்கு முன்பே சுட்டவை என்பார் ஐயா. அவற்றில் சிலவற்றில் சிவப்புக் கோடுகள் இருக்கும். அந்தச் சிவப்பு எதனால் ஆனது என்று பார்ப்பதில் அவருக்குத் தீராத பைத்தியம். நாலு மணிக்கு ஒபிஸ் வேலை முடிந்ததும் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "வாரும் காணும், எங்கட கிழவியளைப் பாப்பம்" என்பார். கிழவிகள் என்றது ஓடுகளைத்தான்.

சுரண்டுவது என் வேலை. சவரக் கத்தித் துண்டு ஒன்றை மரப்பிடியில் செருகி வைத்திருந்தேன். ஓட்டுத் துண்டை வெள்ளைக் கடதாசிக்கு மேல் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கோட்டின் ஓரமாகச் சுரண்ட வேண்டும். கடுகளவு தூள் விழுந்தால் போதும். ஐயா அதைத் திராவகத்தில் கரைத்து, இன்னொரு போத்தலிலிருந்து ஒரு சொட்டு விடுவார். குழாயில் இருப்பது சட்டென்று இரத்த நிறமாகும்.

"இரும்பு," என்பார். "காவி மண். அரைச்சுப் பூசிச் சுட்டிருக்கினம்."

எத்தனை ஓடு வந்தாலும் அதே இரத்த நிறம், அதே இரும்பு. ஆனாலும் முதல் தடவை பார்ப்பவர் மாதிரிக் குழாயை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் நான் வழக்கத்துக்கு மாறாக ஒரு கேள்வி கேட்டேன். எல்லாச் சிவப்பும் இரும்புதானா ஐயா என்று. அவருக்கு ஆச்சரியம், நான் வாய் திறந்ததில்.

"இல்லைக் காணும். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும், ஒரு மழைக்கு நிக்காது. ஈயத்தில ஒரு சிவப்பு இருக்கு, அது காலம் போகக் கறுக்கும். சாதிலிங்கம் எண்டு பாதரசத்தில ஒண்டு. அது இந்தத் திராவகத்துக்கும் அசையாது. ஆனா இந்த நாட்டு மண்ணில அது இல்லை. கப்பலில வரவேணும்."

அந்தப் பதில் என் மனதில் தங்கிவிட்டது. தங்காமல் இருந்திருக்கலாம்.

நான் பிறந்தது ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டில். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அங்கே இருந்தது ஒரே தங்கச்சி. கொழுந்து எடுக்கிறவள். அவள் புருஷன் கான் வெட்டுகிறவன். முதல் குழந்தை ஏழு மாதத்தில் போனது. இரண்டாவது ஒன்பது மாதத்தில். இரண்டும் காய்ச்சலில். இரண்டையும் லயத்துக்குப் பின்னால் தேயிலை ஓரத்திலேயே புதைத்தார்கள். தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். அழுவதற்குக்கூட அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

அவள் மூன்றாவது முறை தலை முழுகாமல் இருந்த வாரத்தில் புதுக் கான் வெட்டினார்கள். நிறைய ஓடுகள் வந்தன. அவற்றுக்கு நடுவே, மச்சானின் மண்வெட்டிக்குத் தப்பி, ஒரு சின்னப் பானை முழுசாக வந்தது. இரண்டு கைக்குள் அடங்கும். கழுத்தைச் சுற்றி மூன்று சிவப்புக் கோடுகள், மங்கலாக. எங்கள் ஆட்களுக்கு மண்ணுக்குள்ளிருந்து முழுசாக வந்த எதையும் எறிய மனம் வராது. செடி வெட்டுகிற கவ்வாத்துக்கு ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி என்று ஒவ்வொரு மலையிலும் ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். அந்தப் பானையையும் ஒரு மரத்தடியில் வைத்துப் பொட்டு வைத்தார்கள். தங்கச்சி அதற்கு நேர்ந்துகொண்டாள். இந்தப் பிள்ளை ஒரு வயது தாண்டினால் அதன் முன்னால் பொங்கல் வைத்து முடி இறக்குவதாக.

தைப்பொங்கலுக்கு நான் போனபோது வாயும் வயிறுமாக இருந்தாள். மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"பாருங்கண்ணே, எத்தன வாட்டி குங்குமம் வச்சாலும் மழ கழுவிட்டுப் போயிடுது. சாமி மூஞ்சி வெறிச்சுன்னு கெடக்கு."

எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வாழ்க்கையில் அபூர்வமாகக் கிடைத்த சந்தர்ப்பம் அது. "மழைக்குப் போகாத சிவப்பு ஒண்ணு இருக்கு தங்கச்சி. நான் வாங்கித் தாரேன்" என்றேன்.

கண்டிப் பட்டணத்தில், அக்குறணை முஸ்லிம் நானா ஒருவரின் நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாதிலிங்கமா? என்னத்துக்குத் தம்பி, பொண்டாட்டிக்கு உதட்டுல பூசவா?"

"எனக்குக் கல்யாணமாகல்ல நானா."

"அப்ப சரி, விக்கலாம். தின்டுறாதீங்க, வாயில போற சாமான் இல்ல இது. வெளங்கிச்சா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். தங்கச்சி அதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, விரல் நுனியால், அந்தப் பழைய மூன்று கோடுகளின் மேலேயே வழி தவறாமல் பூசினாள். சாமி தன் உடம்பில் தானே வைத்திருக்கிற அடையாளம் அது, அதை விட்டு வெளியே போகக்கூடாது என்று நினைத்தாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. அவள் பூசிய சிவப்பு ஒரு மழைக்கும் போகவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் சோதனைச்சாலைக்கு அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. தோட்டத்துத் துரை முன்பே ஓடுகள் அனுப்பியிருந்தார். முழுப் பானை ஏதும் உண்டா என்று ஐயா கேட்டு எழுதியதற்கு, இருக்கிறது என்று அனுப்பியிருக்கிறார். ஆணியைப் பிடுங்கி வைக்கோலை விலக்கியது நான்தான். சின்னப் பானை. கழுத்தில் மூன்று கோடுகள். எட்டு ஒன்பது மாத வெயிலும் மழையும் புகையும் பட்டு, எல்லாம் ஒரே பழசாகத் தெரிந்தது. வைக்கோலைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"என்ன காணும், விறைச்சுப் போய் நிக்கிறீர்? பாம்பு கீம்பு கிடக்கோ உள்ளுக்கு?"

"இல்ல ஐயா," என்றேன். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

தீபாவளிக்கு மறுநாள் தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "சாமியத் தூக்கிட்டுப் போயிட்டாங்கண்ணே. ஆள் கணக்கெடுக்குற பிரட்டுக்களத்துல வச்சுப் பெட்டியில போட்டு ஆணி அடிச்சாங்க. நான் பார்த்துக்கிட்டே நின்னேன்" என்றாள்.

"எங்க எடத்துக்குத்தான் வந்திருக்கு."

அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. "அப்பப் பயமில்ல. நீங்க இருக்கீங்க." பிறகு சிரித்தாள். "நீங்க இருந்து என்னத்துக்கு? பொண்ணு பார்க்கப் போன வீட்டுல தண்ணி கேக்க வெக்கப்பட்டு, விக்கிக்கிட்டே திரும்பி வந்த ஆளாச்சே. ஐயாக்கிட்ட பேசுவீங்களா?"

"கேட்டு வாங்கித் தாரேன்."

"ஏழு மாசம் தாண்டிட்டா. ஒம்போதும் தாண்டணும். பங்குனி வரைக்கும் சாமி நம்ம மலையில இருக்கணும்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பிள்ளை என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.

கேட்பது என்று முடிவு செய்துகொண்டு மறுநாள் போனேன். ஐயா பானையை மேசையில் வைத்துக் காத்திருந்தார். "சுரண்டும்" என்றார். நான் சுரண்டினேன். என் தங்கச்சி விரலால் பூசிய கோட்டை, சவரக் கத்தியால், வெள்ளைக் கடதாசியில். அந்தத் தூள் திராவகத்தில் கரையவில்லை. ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கொஞ்சம் தூளைச் சோடாவோடு கலந்து, ஒரு பக்கம் மூடிய ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் போட்டுச் சூடாக்கினார். முதலில் புகை வந்தது. பிறகு குழாயின் குளிர்ந்த பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் படிந்தது. அதைக் கம்பியால் கூட்டியபோது மிகச் சின்ன வெள்ளித் துளிகளாக ஓடியது.

"பாதரசம்!" ஐயா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சாதிலிங்கம் காணும்! இந்த மலைக்கு அந்தக் காலத்தில கடலுக்கு அங்கால இருந்து சாமான் வந்திருக்கு! யாருக்கும் தெரியாது, எனக்கும் உமக்கும் மட்டும்தான் தெரியும்!"

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்று, அது பட்டணத்து மருந்துக் கடையில் நான் வாங்கியது என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் கொழும்புக்குக் கடிதம் எழுதினார். அதற்கு அடுத்த வாரம் சீமைக்கு எழுதினார். கடிதங்களைத் தபாலில் போட்டது நான். கதவுக்கு வெளியே நின்று, சொல்ல வேண்டிய வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போவேன். "என்ன?" என்பார். "தண்ணி வேணுமா ஐயா?" என்று கேட்டுவிட்டு வருவேன்.

கார்த்திகையில் பானைக்குள் இருந்த மண்ணைச் சலித்தோம். சாம்பலும் கரியும் வந்தன. சல்லடையில் கடைசியாக அரிசிமணி அளவில் ஒன்று தங்கியது. ஐயா அதைக் குறட்டால் எடுத்துப் பெரிதாக்கும் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். குறட்டால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பால்பல்," என்றார். "சின்னப் பிள்ளை காணும். ஒரு வயசும் வந்திராது. எரிச்ச சாம்பலை அள்ளி இதுக்குள்ள வச்சிருக்கினம்." கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "தாய்தான் வச்சிருப்பா" என்றார்.

தங்கச்சி தன் பிள்ளையின் உயிருக்காகக் கும்பிட்டது வேறொருத்தியின் செத்த பிள்ளையை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பானையைத் திருப்பிக் கொடுத்தால் போதும், எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் பானையைத் திருப்பிக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. சீமைக்கு அனுப்ப அதற்குப் புதுப் பெட்டி செய்தார்கள். பெட்டி மேல் விலாசம் எழுதியாயிற்று.

மார்கழியில் ஒரு காலை, பின்பக்கப் படலை வாசலில் மச்சான் நின்றான். கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"புள்ளைக்கு நாலு நாளாக் காய்ச்சல் மச்சான். டிஸ்பென்சரியில மருந்து குடுத்தாங்க, எறங்கல. அவ மருந்தக் கேக்கல. சாமியத்தான் கேக்குறா. அண்ணன் தாரேன்னு சொன்னாரு, அண்ணன் தாரேன்னு சொன்னாருன்னே பொலம்புறா."

நான் கை துடைத்த துணியோடு அப்படியே உள்ளே போனேன். ஐயா எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சிவப்பு நான் வாங்கிக் குடுத்தது ஐயா."

"எந்தச் சிவப்பு?"

எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடியை, கடையை, பொட்டலத்தை, எண்ணெயை, தங்கச்சியின் நேர்த்தியை. இவ்வளவு பேச்சு நான் அதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை. ஐயா பேனாவை வைத்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது. கோபிப்பார் என்று நின்றேன்.

"எண்ணெய்ப் புகை வந்தது. அந்தக் காலத்துப் பூச்சில எண்ணெய் எங்கால?" என்றார், எனக்கல்ல, மேசைக்குச் சொல்வது போல. "முதல் நாளே வந்தது. நான் கண்டனான். கண்டும் காணாத மாதிரி இருந்திட்டன்." பிறகு நிமிர்ந்தார். "ஏன் காணும் முதலே சொல்லேல்லை?"

"பயமா இருந்துச்சு ஐயா."

"எனக்கோ பயந்தனீர்? நான் என்ன புலியோ?"

அவருக்குப் பயந்தேனா, அவருடைய சந்தோஷத்துக்குப் பயந்தேனா, எனக்கே தெரியவில்லை. 

அவரே எழும்பிப் பெட்டியை நெம்பித் திறந்தார். பானையை என் கையில் தந்தார். "எனக்கு இருக்கிற ஓடுகள் போதும். துரைக்கு நான் சொல்லுறன்." அலுமாரியைத் திறந்து காய்ச்சல் மாத்திரை, கொயினாக் குளிசைப் போத்தலை எடுத்து மச்சானிடம் கொடுத்தார். கடைசியாக, பஞ்சு வைத்து மூடியிருந்த சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்து, அதிலிருந்த பல்லைப் பானைக்குள் மெதுவாகக் கவிழ்த்தார். "அதுவும் அதின்ர வீட்டுக்குப் போகட்டும். ஓடும், பஸ் போயிடும்."

தெல்தெனியா வழியாகப் போனோம். பானை என் மடியில் இருந்தது. வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மச்சான் குளிசைப் போத்தலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். "இத்தன இருக்கே மச்சான், நம்ம புள்ளைக்கு ஒண்ணு ரெண்டு போதும்ல, மிச்சத்தத் திருப்பிக் குடுத்துடணும்" என்றான்.

பொழுது சாயும் நேரம் லயத்துக்குப் போகும் பாதையில் ஏறினோம். வேலை முடிந்த ஆட்கள் எங்கள் காம்பரா அறைக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.  மச்சான் அங்கேயே, பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானமே போய்விட்டதாம். ஒன்பது மாதம் தாண்டி நாலு நாள்.

தங்கச்சி அழுது முடித்திருந்தாள். என் கையிலிருந்து பானையை வாங்கினாள். கழுத்தைத் தடவிக்கொண்டே திருப்பினாள். மூன்று கோடுகளும் ஒரு பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தன. ஐயா திரும்பத் திரும்பச் சோதிக்க, நான் சுரண்டிய இடம். அவள் பூசியது போய், அதற்குக் கீழே இருந்த பழைய மண்சிவப்பும் பாதி போயிருந்தது.

"யாருண்ணே இத சொரண்டுனது?"

வேறு யாரையாவது சொல்லியிருக்கலாம்.

"நான்தான்."

என்னைப் பார்த்தாள். "கத்தியாலயா?"

"ஆமா."

சுரண்டிய இடத்தில் விரலை வைத்து, "மெதுவாத்தானே சொரண்டுனீங்க?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். பானையையும் உள்ளே வைக்கச் சொன்னாள். "சாமி மேல கோவம் இல்ல. அதுவும் எங்கயோ போயிட்டு இப்பத்தான் வந்திருக்கு. இவளுக்குத் தொணையா இருக்கட்டும்" என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் தலைமாட்டில் பானையை வைத்தது நான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஐயா மேசையில் இரண்டு கடிதங்கள் ஒட்டித் தயாராக இருந்தன, ஒன்று கொழும்புக்கு, ஒன்று சீமைக்கு. முன்னே எழுதியது பிழை, தன் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். என்னைப் பற்றியோ தங்கச்சியைப் பற்றியோ ஒரு வரி கூட எழுதவில்லை என்றும் சொன்னார். பிறகு கேட்டார்:

"பிள்ளைக்கு எப்பிடி? காய்ச்சல் விட்டுதோ?"

அவர் முகம் ஒரு வாரத்தில் மெலிந்திருந்தது. இந்தக் கடிதங்களுக்குப் பிறகு அவருக்கு மிஞ்சப்போவது இந்தப் பிள்ளை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது.

"விட்டிருச்சு ஐயா," என்றேன்.

"அப்பாடா," என்று கதிரையில் சாய்ந்தார். "அது போதும் காணும். அது போதும்."

அதன்பிறகு கிழவிகளைப் பார்ப்போம் என்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஓடுகளைச் சாக்கில் கட்டி அலுமாரிக்கு மேல் போடச் சொன்னார். ஆனால் சம்பள நாளில், தைப்பொங்கலில், தீபாவளியில், "எங்கட பிள்ளை எப்பிடி?" என்று கேட்பார். முடி இறக்கியாச்சோ? நடக்கிறாளோ? கதைக்கிறாளோ? மாமனைப் போல ஊமையாய் வரப்போகிறாள், கவனம். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஐயா என்றேன். நடக்கிறாள் ஐயா. பேசுறா ஐயா, ரொம்பப் பேசுறா. அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. ஒருமுறை கவுனுக்குச் சீத்தைத் துணி வாங்கித் தந்தார். அதைப் பக்கத்து அறைக்காரரின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். தங்கச்சிக்கு இதெல்லாம் தெரியாது.

ஆறு வருடம் கழித்து ஐயாவுக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது. வழியனுப்பக் கண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். என்னைத் தாண்டி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவீர் எண்டு நினைச்சன்."

"பள்ளிக்கூடம் ஐயா."

"ஓம் ஓம். அதுதான் முக்கியம்." கைப்பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு புதுச் சிலேட்டை எடுத்துத் தந்தார். கூடவே இரண்டு சிலேட்டுப் பென்சில். "எழுத வாசிக்கத் தெரிஞ்சதும் எனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லும்."

ரயில் புறப்படும் வரை நான் நின்றேன். வாய்க்குள் அந்த வசனம் இருந்தது. அவர் யன்னலில் கையைக் காட்டிக்கொண்டே போனார்.

அந்தச் சிலேட் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மழைக்காலத்தில் மரச்சட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும். துணியால் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, திரும்பவும் உள்ளே வைப்பேன்.